மௌனம் சம்மதம் அல்ல

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்பதும் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்குதான். பெண் பார்க்கப் போகும் இடத்திலும் சொந்தபந்தங்களைச் சமாளிக்கும் இடத்திலும் இவ்விரண்டும் உதவலாம். ஆனால் இரண்டு கருவிகள் ஒரு கம்பி வழியே பேசிக்கொள்ளும் இடத்தில் இந்த இரண்டு பழமொழிகளையும் நம்பினால் நம் நிலை என்னவாகும்? எல்லையில்லாமல் காத்திருக்கும் மென்பொருள் பூமியை ஆளாது, உறைந்துபோய் நிற்கும். எதிர்முனையின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஒரு நாள் பொய் சொல்லும். அனுப்புபவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், காத்திருந்தும் வேலை முடியாவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பவையே இக்கட்டுரையின் இரண்டு கேள்விகள்.

தமிழ்ப் பேரவை ஆண்டு மலரில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நம்மில் பாதிப் பேருக்கு மேல் பொறியியலோ கணினியோ படிக்கிறோம். படித்து முடித்த அண்ணன்மாரும் அக்காமாரும் அதே துறைகளில்தான் வேலை செய்கிறார்கள். அப்படியிருந்தும் தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் காதலையும் மழையையும் தாண்டி வர மறுக்கிறோம். நாம் பகலெல்லாம் செய்யும் வேலையைப் பற்றித் தமிழில் வாதிட முடியாதென்றால் அந்த மொழி விழா மேடைக்கு மட்டுமே என்றாகிவிடும். ஆகவே, ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: சீரியல் போர்ட் வழியாகத் தரவு அனுப்பும் இயக்கி மென்பொருளில், அதாவது டிரைவரில், காலக்கெடுவை எப்படிக் கையாள்வது?

இன்னும் உயிரோடிருக்கும் பழைய கம்பி

ஆர்எஸ்-232 என்னும் தரம் முதலில் வெளிவந்தது 1960-இல். நம் பெற்றோரில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. மடிக்கணினிகளில் அந்த ஒன்பது ஊசித் துளை மறைந்து நெடுநாளாகிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு முறை மறையவில்லை. யுஎஸ்பி மாற்றியின் உருவில் அது இன்றும் நம் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. எடை பார்க்கும் கருவி, வெப்பநிலைப் பதிவி, திரவம் செலுத்தும் பம்ப், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, கடையில் ரசீது அச்சிடும் இயந்திரம் எனப் பல கருவிகள் இன்றும் இப்படித்தான் பேசுகின்றன. இறுதியாண்டுத் திட்டத்துக்காக ஆர்டுயினோ பலகையைக் கணினியில் செருகிய ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்தியவர்கள்தாம்.

இந்தக் கம்பியின் சிறப்பு அதன் கணக்கு எளிமையாக இருப்பது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட். ஆக மொத்தம் பத்து. வினாடிக்கு 9,600 பிட் என்ற வேகத்தில் 960 பைட்டுகள் போகும். ஒரு பைட்டுக்கு ஏறக்குறைய 1.04 மில்லி வினாடி. ஆயிரம் பைட் அனுப்ப ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதல். வேகத்தை 115,200 ஆக உயர்த்தினால் அதே ஆயிரம் பைட் 87 மில்லி வினாடியில் முடிந்துவிடும். இணையத்தில் ஒரு செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சீரியல் கம்பியில் அதை முன்கூட்டியே காகிதத்தில் எழுதிவிடலாம். இந்த வசதி இருந்தும் நம்மில் பெரும்பாலோர் காலக்கெடுவைக் கணக்கிடுவதில்லை. "ஐந்து வினாடி போதும்" என்று மனத்தில் தோன்றிய எண்ணை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

ஒரு சொல், மூன்று பொருள்

"அனுப்பிவிட்டேன்" என்று மென்பொருள் சொன்னால் அதற்கு என்ன பொருள்? ஊருக்குக் கடிதம் எழுதிய தாத்தா பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது ஒன்று. அது மூட்டையில் ஏறிக் கப்பலில் புறப்படுவது இன்னொன்று. ஊரில் பெரியப்பா கையில் சேர்வது வேறொன்று. மூன்றுக்கும் இடையில் நாள்கணக்கில் இடைவெளி உண்டு. எந்த இடைவெளியிலும் கடிதம் தொலையலாம்.

சீரியல் போர்ட்டிலும் இதேதான் நடக்கிறது. நம் நிரல் தரவை இயங்குதளத்தின் இடையகத்தில் போடுகிறது, இது ஒப்படைத்தல். அங்கிருந்து டிரைவர் அதைச் சில்லின் வரிசைக்குள் தள்ளுகிறது. 16550ஏ என்ற புகழ்பெற்ற சில்லில் அந்த வரிசையின் நீளம் 16 பைட். பிறகு பிட் பிட்டாகக் கம்பியில் வெளியேறுகிறது, இது புறப்படுதல். எதிர்முனைக் கருவி அதைப் படித்துப் புரிந்துகொள்வது சேர்தல். பெரும்பாலான நேரங்களில் "எழுதியாயிற்று" என்று நமக்குத் திரும்பி வரும் பதில் முதல் கட்டத்தை மட்டுமே குறிக்கும். அதைக் கேட்டு மூன்றாவது கட்டமும் முடிந்ததாக நாம் மகிழ்ந்துபோகிறோம்.

புறப்படுதலிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதே 16550ஏ சில்லில் இரண்டு தனித்தனி அடையாளங்கள் உண்டு. வரிசை காலியாகிவிட்டது, அடுத்ததைத் தரலாம் என்று ஒன்று சொல்லும். கடைசி பைட்டின் கடைசி பிட்டும் வெளியேறிவிட்டது என்று மற்றொன்று சொல்லும். ஒரே ஜோடிக் கம்பியில் பல கருவிகள் மாறி மாறிப் பேசும் ஆர்எஸ்-485 முறையில் இந்த வேறுபாடு மிக முக்கியம். முதல் அடையாளத்தைப் பார்த்தவுடன் "நான் பேசி முடித்தேன்" என்று கம்பியை விட்டுவிட்டால் கடைசி பைட்டின் கழுத்தை நாமே நெரித்தவர்களாவோம். ஓர் அடையாளத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதால் நடக்கும் இப்பிழை வாரக்கணக்கில் பலரை அலைக்கழிக்கும். ஏனெனில் முதல் பதினைந்து பைட்டும் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

அனுப்புவது ஏன் நின்றுபோகிறது?

பெறும்போது காலக்கெடு தேவை என்பது எல்லாருக்கும் புரிகிறது. எதிரில் இருப்பவர் பேசாமலே இருக்கலாம். அனுப்பும்போது எதற்கு? நாம்தானே பேசுகிறோம், நம் வாயை யார் மூடுவது? இந்த எண்ணத்தினால்தான் அனுப்பும் பக்கத்துக் காலக்கெடு அனாதையாகக் கிடக்கிறது.

உண்மையில் நம் வாயை மூடும் உரிமை எதிர்முனைக்கு உண்டு. "கொஞ்சம் பொறு, என் இடையகம் நிரம்பிவிட்டது" என்று சொல்ல அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அனுமதிக் கம்பி ஒன்றின் மின்னழுத்தத்தை மாற்றுவது. மற்றொன்று, "நிறுத்து" என்னும் சிறப்பு எழுத்தை அனுப்புவது. லினக்ஸ் திரையில் தெரியாத்தனமாக கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டு, கணினி செத்துவிட்டது என்று பதறியவர்கள் நம்மில் பலர். அது சாகவில்லை, "நிறுத்து" என்ற எழுத்தைப் பெற்று, கன்ட்ரோல்-கியூ வரும் என்று பணிவோடு காத்திருந்தது. அந்தக் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. ஆய்வுக்கூடத்தில் கம்பி பாதி கழன்றாலும் இதே நிலைதான். அனுமதிக் கம்பி இறந்துபோகும். டிரைவர் அனுமதிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கருவியின் மின்சாரம் போயிருக்கலாம். யுஎஸ்பி மாற்றி உள்ளுக்குள் குழம்பிப் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் நம் நிரலுக்குத் தெரிவது ஒன்றுதான்: மௌனம்.

இயங்குதளங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் ஆளுக்கொரு வழி என்பது விளங்கும். விண்டோஸ் ஒரு சூத்திரம் தருகிறது: ஒரு பைட்டுக்கு இத்தனை மில்லி வினாடி, அதைப் பைட் எண்ணிக்கையால் பெருக்கி, மேலே ஒரு நிலையான எண்ணைக் கூட்டு. பைட்டுக்கு 2, நிலையான எண் 500 என்று வைத்தால் 500 பைட் அனுப்ப 1,500 மில்லி வினாடி கெடு. இரண்டையும் பூஜ்யமாக விட்டால் கெடுவே இல்லை என்று பொருள். சுழியம் என்பது "உடனே" என்று நினைத்து எழுதுபவருக்கு அது "என்றென்றும்" ஆகிவிடும்! யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் படிப்பதற்கு மட்டுமே போர்ட் அமைப்பில் காலக்கெடு இருக்கிறது, எழுதுவதற்கு இல்லை. காத்திருக்காத முறையில் போர்ட்டைத் திறந்து, "இடம் இருக்கிறதா" என்று கெடுவுடன் கேட்டுக் கேட்டு நாமே அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் பைத்தான் சீரியல் நூலகத்தில் எழுதும் காலக்கெடுவின் இயல்பு மதிப்பு "இல்லை" என்பதே. அதை நாமாகக் கேட்டுப் பெற்றால்தான் உண்டு.

லினக்ஸ் கருவகத்தின் சீரியல் பகுதியில் நான் ரசித்த ஒரு கணக்கு இருக்கிறது. சில்லின் வரிசை முழுவதும் காலியாக எவ்வளவு நேரமாகும் என்று வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதனுடன் 20 மில்லி வினாடி சலுகை சேர்க்கிறார்கள். எதிர்முனை அனுமதிக் கம்பியால் நிறுத்தும் வழக்கம் இல்லாதபோது, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் கடந்தும் காலியாகவில்லை என்றால் இனி ஒருபோதும் காலியாகாது, சில்லில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுக்கு வருகிறார்கள். 9,600 வேகத்தில் 16 பைட்டுக்கு ஏறக்குறைய 17 மில்லி வினாடி, சலுகையுடன் 37, இரண்டு மடங்கு 73. கண்ணை இமைப்பதற்குள் முடிந்துவிடும் கெடு. ஆனால் வாயில் வந்த எண் அல்ல. ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் காரணம் உண்டு. இதே லினக்ஸ், போர்ட்டை மூடும்போது மட்டும் இயல்பாக 30 வினாடி வரை காத்திருக்கும். இடையகத்தில் மிச்சமிருப்பதை அனுப்பிவிட்டு மூடலாமே என்ற நல்லெண்ணம்! நிரலை நிறுத்திய பிறகும் அரை நிமிடம் அது அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கணினியைத் திட்டியவர்களுக்கு இதுதான் விளக்கம்.

என் நிலைப்பாடு

இனி என் கருத்துக்கு வருகிறேன். அனுப்பும் காலக்கெடுவைக் கையாளும் டிரைவர் நான்கு நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலாவது, கெடுவைக் கணக்கிட வேண்டும், ஊகிக்கக் கூடாது. வேகமும் பைட் எண்ணிக்கையும் தெரிந்திருக்கும்போது ஐந்து வினாடி என்று எழுதுவது சோம்பல். எதிர்முனை எவ்வளவு நேரம் நம்மை நிறுத்தி வைக்கலாம் என்பது மட்டுமே வெளியிலிருந்து தெரிய வேண்டிய செய்தி. அதைக் கருவியின் கையேட்டில் தேட வேண்டும்.

இரண்டாவது, எத்தனை பைட் போனது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். "காலம் கடந்துவிட்டது" என்பது அரை உண்மை. நூறு பைட்டில் நாற்பது போயிருக்கிறதா, ஒன்றுமே போகவில்லையா என்பது மேலே உள்ள நிரலுக்குத் தெரிந்தாக வேண்டும். முன்னர்ச் சொன்ன பைத்தான் நூலகம் கெடு கடந்தால் பிழை எழுப்புகிறது, நல்லதுதான். ஆனால் அந்தப் பிழையோடு எண்ணிக்கை வருவதில்லை. மறுபக்கம், "வெற்றி" என்ற பதிலைத் தந்துவிட்டு எண்ணிக்கையில் மட்டும் குறைவைக் காட்டும் அமைப்புகளும் உண்டு. அங்கே எண்ணைப் பார்க்காதவர் ஏமாந்துபோவார்.

மூன்றாவது, டிரைவர் தானாக மறுபடி அனுப்பக் கூடாது. நான் அதிகம் வாதிட விரும்புவது இந்த நெறியைப் பற்றித்தான். ஒரு பம்ப்புக்கு "5 மில்லி லிட்டர் செலுத்து" என்று கட்டளை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கெடு கடந்துவிட்டது. கட்டளை போகவில்லையா? அல்லது போய்ச்சேர்ந்து, அதன்பிறகு கம்பி கழன்றதா? இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நல்ல மனத்தோடு டிரைவர் மறுபடி அனுப்பினால் 10 மில்லி போய்விடலாம். ஆய்வுக்கூடத்தில் சாயத் தண்ணீர் என்றால் துடைத்துவிடலாம். மருத்துவமனையில் என்றால்? இரு தளபதிகள் புதிர் என்று கணினி அறிவியலில் 1970-களிலிருந்தே பேசப்படும் சிக்கல் இதுதான்: நம்ப முடியாத தூதுவழி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, செய்தி சேர்ந்ததை இரு தரப்பும் முற்றும் உறுதியாக அறிய வழியே இல்லை. அதற்குத் தீர்வு டிரைவரில் இல்லை. கட்டளையை வடிவமைக்கும் இடத்தில் இருக்கிறது. "இன்னும் 5 சேர்" என்பதற்குப் பதிலாக "மொத்தம் 5 ஆகும்வரை செலுத்து" என்று கட்டளையை அமைத்தால் இரண்டு முறை சேர்ந்தாலும் கேடில்லை. கட்டளைக்கு வரிசை எண் கொடுத்து, ஒரே எண் மறுபடி வந்தால் கருவி அதைப் புறக்கணிக்கும்படியும் செய்யலாம். இதை முடிவு செய்யும் அறிவு மேலே உள்ள நிரலுக்குத்தான் உண்டு. டிரைவருக்குத் தெரிந்தது பைட் மட்டுமே. பம்ப் என்பதோ நோயாளி என்பதோ அதற்குத் தெரியாது.

நான்காவது, கெடு கடந்ததும் மிச்சத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடையகத்தில் அறுபது பைட் தேங்கிக் கிடக்கிறது. பத்து நிமிடம் கழித்து யாரோ கம்பியைச் சரியாகச் செருகுகிறார்கள். பத்து நிமிடத்துக்கு முந்தைய கட்டளையின் வால் அப்போது சாவகாசமாகப் புறப்பட்டுப் போகும். புதிய கட்டளையின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். கல்யாணம் முடிந்த வீட்டுக்கு வந்துசேரும் அழைப்பிதழால் யாருக்கும் தீங்கில்லை. நிறுத்திவிட்ட இயந்திரத்துக்குத் தாமதமாக வந்துசேரும் "ஓடு" என்ற கட்டளை அப்படியன்று. ஆகவே கெடு கடந்தவுடன் மிச்சத்தைக் கழுவிவிடும் வழி இருக்க வேண்டும். கழுவியதைச் சொல்லவும் வேண்டும்.

மாற்றுக் கருத்துகள்

இதை எல்லாரும் ஏற்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "டிரைவர் என்பதே மேலே உள்ளவருக்குத் தொல்லை இல்லாமல் இருக்கத்தானே? தொட்டதற்கெல்லாம் பிழை சொன்னால் பயன்படுத்துபவர் ஓடிப்போவார்" என்பது ஒரு வாதம். இதில் நியாயம் இருக்கிறது. எல்லா நிரலும் பம்ப்பை இயக்கவில்லை. ரசீது அச்சிடும் இயந்திரத்தில் காகிதம் தீர்ந்துவிட்டால், கடைக்காரர் புதுச் சுருளை மாட்டும்வரை காத்திருப்பதே சரி. அங்கே கெடு வைத்து ரசீதை வெட்டி எறிந்தால் வாடிக்கையாளர் கையில் பாதி ரசீதுதான் இருக்கும். எனவே எல்லையின்றிக் காத்திருத்தல் என்ற தேர்வே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை ஒருவர் தெரிந்து, விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். ஒன்றும் சொல்லாதவருக்கு இயல்பாகக் கிடைப்பது முடிவில்லாத காத்திருப்பாக இருப்பதுதான் தவறு.

"கெடுவைக் குறுகலாக வைத்தால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் எச்சரிக்கை வரும்; பிறகு யாரும் அதை மதிக்க மாட்டார்கள்" என்பது இன்னொரு வாதம். புலி வருது கதைதான். இதுவும் உண்மை. ஆனால் அதற்கு மருந்து கெடுவைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவதன்று, சரியாகக் கணக்கிடுவது. 1979-இல் வந்த மோட்பஸ் என்னும் தொழிற்சாலை நெறிமுறையைப் பாருங்கள். அதன் ஒரு வடிவத்தில் மூன்றரை எழுத்து நேர மௌனமே ஒரு செய்தியின் முற்றுப்புள்ளி. 9,600 வேகத்தில் அது சுமார் 4 மில்லி வினாடி. மௌனத்துக்கு அளவு குறித்து, பொருளும் குறித்துவிட்டார்கள். அளவு தெரிந்த மௌனம் ஒரு மொழியாகவே ஆகிவிடுகிறது. அளவு தெரியாத மௌனம்தான் ஆபத்து.

தோ பாயோவிலிருந்து பார்க்கும்போது

இதெல்லாம் ஆய்வுக்கூட மேசையோடு முடிந்துவிடும் பேச்சா? தோ பாயோவில் வசிப்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் 1987 நவம்பர் 7 அன்று ஓடியது இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையில்தான். அன்று திறந்தவை ஐந்தே நிலையங்கள். அந்த வடக்கு–தெற்குப் பாதையில் 2017-இல் புதிய சமிக்ஞை முறை வந்தது. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ரயில் எந்தத் துண்டில் இருக்கிறது என்று பார்த்த பழைய முறை போய், ரயிலும் கட்டுப்பாட்டு அமைப்பும் வானலை வழியே தொடர்ந்து பேசிக்கொள்ளும் முறை வந்தது. இரண்டு ரயில்களுக்கு இடைப்பட்ட நேரத்தை 120 வினாடியிலிருந்து 100 வினாடியாகக் குறைக்க முடியும் என்பதே அதன் பயன். பேச்சு தொடரும்வரை ரயில்கள் நெருக்கமாக ஓடலாம். பேச்சு நின்றால்?

அந்தக் கேள்விக்கான விடையை 2016-இல் வட்ட ரயில் பாதையில் பயணிகள் நேரில் கண்டார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் மறுபடி நவம்பர் தொடக்கத்திலும் ரயில்கள் காரணமின்றி நடுவழியில் நின்றன. சமிக்ஞைத் தொடர்பு அறுந்ததும் அவசர பிரேக் தானாக விழுந்தது. இது சீரியல் போர்ட் அல்ல. ஆனால் கேள்வி அதே கேள்வி. எதிர்முனை மௌனமானால் என்ன செய்வது? அந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை. "சொல்லவில்லையே, பாதை காலியாகத்தான் இருக்கும்" என்று ரயில் தொடர்ந்து ஓடவில்லை, நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள், எரிச்சலடைந்தார்கள். ஆனால் பத்திரமாகப் போனார்கள்.

அதற்கடுத்து நடந்ததுதான் நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. காரணத்தைக் கண்டுபிடிக்க அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கின் தரவு அறிவியலாளர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் கையில் இருந்தவை ஒவ்வொரு நிகழ்வின் நாள், நேரம், இடம், பாதிக்கப்பட்ட ரயிலின் எண், அது போன திசை ஆகியவை. ரயில் நேரத்தையும் இடத்தையும் ஒரே வரைபடத்தில் கோடுகளாக வரையும் பழைய முறையில் இவற்றைப் புள்ளிகளாகக் குறித்தபோது, நிகழ்வுகள் கண்டபடி சிதறியிருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே போவது தெரிந்தது. எதிர்த் தண்டவாளத்தில் போகும் ஏதோ ஒரு ரயில் தன்னைக் கடந்துசெல்லும் ரயில்களின் தொடர்பைக் குலைக்கிறது என்று ஊகித்தார்கள். நிலையத்தில் பதிவான காணொளியை அலசியபோது அது பிவி46 என்று அடையாளம் தெரிந்தது. நவம்பர் 6 அன்று நடத்திய சோதனை அதை உறுதிசெய்தது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நடந்த நிகழ்வுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஒரே ரயிலைக் கொண்டு விளக்க முடிந்தது. அதன் சமிக்ஞைக் கருவியில் ஏற்பட்ட பழுதே எல்லாவற்றுக்கும் மூலம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு ரயிலும் தொடர்பு அறுந்ததைப் பதிவு செய்திருந்தது. பயணிகளுக்குத் தொல்லை வேண்டாம் என்று ஒரு மென்பொருள் சின்னச் சின்னத் தொடர்பறுப்புகளைத் தனக்குள்ளேயே விழுங்கிக்கொண்டு, தானே மறுபடி முயன்று, மேலே ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் புள்ளிகள் இருந்திருக்காது. புள்ளிகள் இல்லையென்றால் கோடு இல்லை. கோடு இல்லையென்றால் பிவி46 அகப்பட்டிருக்காது. தன் தோல்வியை மறைக்காத அமைப்பைத்தான் பழுது பார்க்க முடியும். நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றோடு பிழையைச் சொல் என்று டிரைவரிடம் நான் கேட்பதும் இதைத்தான்.

மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது

நம் பாடத்திட்டத்தில் நிரல் ஓடுகிறதா என்று பார்த்து மதிப்பெண் தருகிறார்கள். ஓடாதபோது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பவர் குறைவு. செயல்விளக்க நாளில் எல்லாக் கம்பியும் சரியாகச் செருகப்பட்டிருக்கும். எல்லாக் கருவியும் உயிரோடிருக்கும். கெடு கடந்த பிறகு ஓட வேண்டிய அந்தப் பத்து வரிகள் அன்று ஒருமுறைகூட ஓடாது. பல திட்டங்களில் அவை வாழ்நாளில் ஒருமுறைகூட ஓடிப் பார்க்கப்பட்டதில்லை. வேலைக்குப் போனபின் அதே பழக்கம் நம்மோடு வருகிறது. அங்கே கம்பியின் மறுமுனையில் இருப்பது மதிப்பெண் அல்ல. மின்தூக்கியாக, மருந்தாக, ரயிலாக இருக்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் எளிமையானது. உங்கள் திட்டத்தில் சீரியல் கம்பி ஏதேனும் இருந்தால், நிரல் தரவை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதைக் கையால் பிடுங்குங்கள். உங்கள் நிரல் உறைகிறதா? "அனுப்பிவிட்டேன்" என்று பொய் சொல்கிறதா? எத்தனை பைட் போயிற்று என்று சொல்கிறதா? கம்பியை மறுபடி செருகியதும் பழைய குப்பை புறப்படுகிறதா? ஐந்து நிமிடச் சோதனை, பொருட்செலவு இல்லை. தொழிலில் இருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளின் நிரலைப் பார்வையிடும்போது "வேலை செய்கிறதா" என்பதோடு நிறுத்தாமல் "வேலை செய்யாதபோது உண்மை பேசுகிறதா" என்றும் கேளுங்கள்.

இதைத் தமிழில் எழுதியதில் எனக்கு ஒரு லாபமும் கிடைத்தது. ஒப்படைத்தல், புறப்படுதல், சேர்தல் என்று மூன்றுக்கும் மூன்று சொற்களைத் தேடியபோதுதான், ஒரே சொல்லால் மூன்றையும் மூடி வைத்திருப்பது எத்தனை குழப்பத்துக்கு இடமளிக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த முறை உங்கள் நிரலில் ஒரு பதிலைத் திருப்பி அனுப்பும்போது, இம்மூன்றில் எது முடிந்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்; மறுமுனையில் காத்திருப்பவருக்கு அதுகூட ஒரு பதில்தான்.